கேட்டுக்கு வெளியே நின்ற வண்டி

என் வீடு தீயணைப்பு நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு தார் ரோடு மட்டும்தான். பார்க்கிறவர்கள் எல்லாம், உனக்கென்னப்பா, தீ பிடித்தால் கூப்பிடக்கூட வேண்டாம், தும்மினாலே போதும் என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். எதிர்வீட்டில் டாக்டர் இருந்தால் காய்ச்சல் வராது என்று நம்புகிற ஆள் நான் இல்லை.

எங்களுக்குச் சொத்து என்று சொன்னால் இரண்டு கறவை மாடு, ஒரு கொட்டகை, கொட்டகையை ஒட்டி ரோட்டோரமாக ஒரு வைக்கோல் போர். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பாலை ஊற்றித்தான் நானும் வீட்டுக்காரியும் சாப்பிடுகிறோம். மழை பெய்து புல் முளைக்கிற வரைக்கும் மாடு தின்பது அந்தப் போரை. ஆக, நாங்களும் அந்தப் போரைத்தான் தின்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னெல்லாம் எங்கேயாவது தீ பிடித்தால் எவனாவது ஓடிவந்து நிலையத்துக் கதவைத் தட்டுவான். வண்டி கிளம்பும். அது பெரிய ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. டிரைவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், பேட்டரி இறங்கியிருக்கும், எத்தனையோ தடவை நாங்களே தள்ளிவிட்டிருக்கிறோம். ஆனாலும் தள்ளின வண்டி தீ இருக்கிற திசையில்தான் போகும்.

பிறகு தலைமையிடத்தில் ஒரு கன்ட்ரோல் ரூம் கட்டினார்கள். மாவட்டத்தில் எங்கே தீ பிடித்தாலும் ஒரே நம்பருக்குப் போன் போட வேண்டும். அங்கே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் விசாரித்து, எந்த நிலையத்து வண்டி போக வேண்டுமோ அங்கே மணி அடிக்க வைப்பார்கள். மணி அடித்தால்தான் வண்டி. நேரில் ஓடிவந்து சொல்வது இனி செல்லாது. எங்கள் நிலையத் தலைவர் அதை இப்படி விளக்கினார்: "போன்ல சொன்னா அது தகவல். நேர்ல சொன்னா அது வெறும் பேச்சுங்க."

இதைத் தொடங்கிவைக்க மாவட்டப் பெரிய அதிகாரி எங்கள் நிலையத்துக்கே வந்திருந்தார். நாற்காலி பற்றவில்லை என்று என் வீட்டு நாற்காலியையும் வாங்கிக்கொண்டு போனார்கள், அதன் பின்னாலேயே நானும் போனேன். அவர் பேசினார்:

"இதுவரைக்கும் இந்த மாவட்டத்துல எத்தனையோ வீடு எங்களுக்குத் தெரியாமலே எரிஞ்சிருக்கு. அந்த அவமானம் இனிமே இல்ல. இனி எங்களுக்குத் தெரியாம ஒரு கூரைகூட எரியாது. இது என் உறுதி."

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவன் தட்டினான் என்று நானும் தட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நிலையத்துக் கேட் தூணில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். உள்ளங்கை அகலம்தான், நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். அதற்குக் கண் என்று பேர் வந்துவிட்டது. வண்டி வெளியே போனால் கண் பார்க்கும், உள்ளே வந்தால் பார்க்கும், இரண்டையும் தலைமையிடத்துக்குச் சொல்லும். மணி அடித்த நேரத்திலிருந்து வண்டி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஆகிற தாமதத்தை அங்கே ஒரு பெரிய பலகையில் காட்டுவார்களாம். மாதக் கடைசியில் எந்த நிலையம் அடியில் இருக்கிறதோ அதன் தலைவரை மலைப்பக்கம் தூக்கியடிப்பார்களாம்.

எங்கள் நிலையத் தலைவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன, சம்சாரத்துக்குக் குளிர் ஆகாது. கண் வந்த நாளிலிருந்து அவருக்குத் தீயைவிடக் கேட்டின் மேல்தான் பயம்.

முதலில் அவர்கள் கண்டுபிடித்த வழி இது. மணி அடித்ததும் டிரைவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் மௌனசாமி. வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். கேட்டைத் தாண்டினால் எதிரே என் வீடு. வண்டி என் வாசலில் நிற்கும். கண் பார்த்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் வெறுங்காலோடு பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவார்கள். என் வீட்டுப் படியில் வரிசையாக உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுவார்கள். ஒருவருக்குத் தண்ணீர் வேண்டும், ஒருவருக்கு இடது கால் வீங்கியிருக்கும். குழாய் பிடிக்கிறவர் வாய் ஓயாத ஆள். அவர் ஒரு பூட்ஸ் மாட்டுவதற்குள் ஒரு கதை சொல்லி முடிப்பார்.

"தீ பிடிச்ச வீட்ல என்ன பாடு படறாங்களோ, இங்க கதை நடக்குது" என்பாள் வீட்டுக்காரி. சொல்லிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒருநாள் எங்கோ போய் அலுத்துத் திரும்பியவர்கள், வண்டியை உள்ளே விடச் சோம்பல்பட்டு என் போருக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தார்கள். மறுநாளும் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அடிக்கவில்லை. மாதக் கடைசியில் தலைமையிடத்துப் பலகையில் எங்கள் நிலையத்தின் தாமதம் பூஜ்யம் என்று வந்தது. மாவட்டத்திலேயே முதல் இடம். பெரிய அதிகாரி போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். பூஜ்யம் வாங்கினதற்கு ஒருவரைப் பாராட்டி நான் அப்போதுதான் பார்க்கிறேன். நான் படித்த கொஞ்ச நாளில் அதற்கு முட்டிபோட வைத்தார்கள்.

தலைவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வண்டி கேட்டுக்கு வெளியே நின்றால் பூஜ்யம். அன்றிலிருந்து வண்டி உள்ளே போகவேயில்லை. மணி ஏன் அடிக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"ஒழுங்கா வேலை பார்த்தா தீயே பிடிக்காது போலிருக்கே" என்றார் தலைவர், என் படியில் உட்கார்ந்து.

நடுநடுவே பக்கத்து டவுன் நிலையத்து வண்டி மணியடித்துக்கொண்டு எங்கள் ரோட்டில் பறக்கும். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பும். அவர்கள் கை காட்டுவார்கள். இவர்களும் கை காட்டுவார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று குழாய்க்காரரைக் கேட்டேன். "டீசல் நெறைய குடுத்திருப்பாங்க" என்றார்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. என் கவலை போர். தினமும் காலையில் வண்டியின் எஞ்சினைப் போட்டு உறும விடுவார்கள். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். புகைக்குழாய் என் போரைப் பார்த்தபடி இருக்கும். காற்றில் பறந்த வைக்கோல் வண்டிக்கு அடியில் போய் மெத்தை மாதிரி சேர்ந்து கிடந்தது. நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி உள்ளே போனால் பூஜ்யம் போய்விடும், இன்னும் கொஞ்ச நாளில் கோப்பை கொடுக்க வருகிறார்கள், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவசரம் என்றால் நம்பருக்குப் போன் போடச் சொன்னார்.

போட்டேன். ஒரு பெண் எடுத்தது. குரல் நல்ல குரல், மரியாதையான பேச்சு.

"சொல்லுங்க ஐயா, எங்க தீ?"

"தீ இல்லம்மா. தீயணைப்பு வண்டி என் வைக்கோல் போரை ஒட்டி நிக்குது. எஞ்சின் ஓடுது. பிடிச்சுக்கும்னு பயமா இருக்கு."

"பிடிச்சிடுச்சா ஐயா?"

"இன்னும் இல்ல."

"அப்ப பிடிச்சதும் கூப்பிடுங்க ஐயா. நாங்க எந்நேரமும் இருக்கோம்."

வைத்துவிட்டது. என்ன சொல்றாங்க என்று வீட்டுக்காரி கேட்டாள். காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

கோப்பை கொடுக்கிற நாள் வந்தது. வண்டி நிற்க வேண்டிய கொட்டகைதான் காலியாகக் கிடக்கிறதே என்று அதற்குள்ளேயே மேடை போட்டார்கள். பலகை அடித்து, சிவப்புத் துணி விரித்து, நாற்காலி போட்டு, வாசலில் பூந்தொட்டி வரிசையாக வைத்தார்கள். என் வீட்டு நாற்காலி மறுபடியும் போயிற்று. விழாவுக்கு முதல் நாள், வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று கழுவித் துடைத்து, எஞ்சினைப் போட்டுவிட்டு எல்லாரும் துணி கட்டப் போய்விட்டார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மாடு குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. திரும்பிப் பார்த்தால் வண்டிக்கு அடியிலிருந்து புகை. அடியில் கிடந்த வைக்கோலிலிருந்து போருக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு போயிற்று. அவ்வளவுதான். காய்ந்த வைக்கோல், பிடித்தால் பேசிக்கொண்டிருக்காது.

கத்தினேன். நிலையத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள். முதலில் வண்டியைக் காப்பாற்றினார்கள். மௌனசாமி ஏறி, ரோட்டில் நாலு வண்டி நீளத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு எல்லாரும் இறங்கித் தீயைப் பார்த்து நின்றார்கள். குழாய்க்காரர் குழாயில் கை வைத்தார். தலைவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"மணி அடிக்கல" என்றார். "தெக்கால நிலையத்துல ஒருத்தன் மணி அடிக்காத தீயை அணைச்சான். தீ இருக்கறது உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னு கேட்டு உக்கார வெச்சுட்டாங்க. இன்னும் வீட்ல உக்காந்திருக்கான்."

என் பக்கம் திரும்பி, "நீங்க போன் போடுங்க, சீக்கிரம்" என்றார். போட்டேன். அவர் என் காதோடு காதாக வந்து நின்றார். வைக்கோல் என்று சொல்லாதீர்கள், கட்டடம் என்று சொல்லுங்கள், அதற்குத்தான் உடனே அடிப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

அதே பெண்தான் எடுத்தது.

"பிடிச்சிடுச்சும்மா" என்றேன்.

"எந்த இடம் ஐயா? பக்கத்துல அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

"தீயணைப்பு நிலையம்."

"அது எங்க இடம் ஐயா. உங்க இடத்துக்கு அடையாளம் சொல்லுங்க."

"எதிர்ல. நிலையத்துக்கு எதிர்லம்மா."

அது எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னது: "அந்த நிலையத்து வண்டி இப்ப இல்லீங்க ஐயா. வேற ஒரு தீக்குப் போயிருக்கு. பக்கத்து டவுன்லருந்து அனுப்பறேன்."

"எந்தத் தீக்குப் போயிருக்கு?"

"அது தெரியாதுங்க. ரொம்ப நாளா வெளிய இருக்கு. பெரிய தீ போல."

தலைவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் இத்தனை நாளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதை நான் பார்த்தேன். டவுன் வண்டி எங்கே போய்க்கொண்டிருந்தது, யார் வீடு எரிந்தது, ஏன் கை காட்டினார்கள் என்று எல்லாம். மௌனசாமிதான் பேசினார். அந்த வாரத்துக்கு அதுதான் அவர் வார்த்தை.

"உள்ள போனாத்தான் வெளிய வர முடியும்."

வண்டி கேட்டுக்கு உள்ளே போய் நின்றால்தான் கண்ணுக்கு அது திரும்பி வந்த வண்டி. திரும்பி வந்தால்தான் மணி அடிப்பார்கள். உள்ளே மேடை இருந்தது. எல்லாரும் ஓடினார்கள். பலகையைப் பிடுங்கினார்கள், துணியைக் கிழித்தார்கள், பூந்தொட்டிகளைத் தூக்கி ஓரம் வைத்தார்கள். அவர்கள் அத்தனை வேகமாக வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

அதற்குள் தீ மாட்டுக் கொட்டகைக்குத் தாவியிருந்தது. நான் உள்ளே போய் மாடுகளை அவிழ்த்தேன். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று மிரண்டு முளைக்குச்சியையே சுற்றியது. கயிற்றை அறுத்து இழுத்தேன். அதற்குள் அதன் முதுகில் கொஞ்சம் பொசுங்கிவிட்டது, என் கையிலும்தான். வீட்டுக்காரி குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாய்க்காரர் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கினார்.

"குடத்துல ஊத்தறதுக்கு மணி வேணாம்ல" என்றார்.

ரோட்டில் வண்டி நிறையத் தண்ணீர் நின்றது. அவர் என் வீட்டுத் தொட்டிக்கும் தீக்குமாக ஒரு குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்.

மேடை போயிற்று. வண்டி உள்ளே போயிற்று. கண் பார்த்தது. மணி அடித்தது. வண்டி வெளியே வந்தது. அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது. வண்டி பழக்கத்தில் என் வாசலில் வந்து நின்றது, அன்றைக்கு அது சரியான இடம்தான். குழாயைப் பிரித்துத் தண்ணீர் அடித்தார்கள். அப்போது போரும் இல்லை, கொட்டகையும் இல்லை. சாம்பல் நனைந்தது. டவுன் வண்டியும் வந்து சேர்ந்தது. அவர்கள் கை காட்டினார்கள். இந்தத் தடவை இவர்கள் காட்டவில்லை.

விழாவைத் தள்ளிவைக்கவில்லை. மறுநாள் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நாற்காலி போட்டு நடத்தினார்கள். கரி வாசனை அப்படியே இருந்தது. பெரிய அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கோப்பையைக் கொடுத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பேசினார்:

"மத்த நிலையமெல்லாம் தீ பிடிச்சப்புறம் கிளம்புது. இந்த நிலையம் தீ பிடிக்கறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல போய் நின்னிருக்கு. இதுக்கு மேல என்ன வேகம் வேணும்? எரிஞ்சதைப் பத்திச் சிலர் பேசறாங்க. எரியறது தீயோட வேலை. போறது நம்ம வேலை. நாம போனோமா இல்லையா, அதைப் பாருங்க."

என்னையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். என் நாற்காலிதான். கையில் கட்டுப் போட்டிருந்ததால் நான் தட்டவில்லை.

தின்னக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஊருக்கு மேற்கே ஒரு பால்காரர் இருக்கிறார், பெரிய கொட்டகை, நிறைய வைக்கோல். அவர் வந்து இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார். முதுகு பொசுங்கினது ரோட்டின் திருப்பத்தில் நின்று ஒரு தடவை கத்தியது. வீட்டுக்காரி உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினாள். விளக்க அன்றைக்குப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. அந்தப் பெண்.

"ஐயா, உங்க தீ அணைஞ்சிடுச்சான்னு கேட்கத்தான். கூப்பிட்டவங்களே சொன்னாத்தான் இங்க முடிக்க முடியும்."

நான் வெளியே போய்ப் பார்த்தேன். வைக்கோல் சாம்பல் மேலே அடங்கினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். குச்சியை விட்டுக் கிளறினால் ஒரு இழை புகை வந்தது. நான் எதற்கும் ஆமாம் சொல்லிப் பழக்கமில்லாதவன். அப்படிச் சொன்னதையெல்லாம் பிறகு நமக்கெதிராகத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரிங்க ஐயா. நாளைக்குக் கூப்பிடறேன்."

மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் நான் போய்ச் சாம்பலைப் பார்ப்பேன், காலியான முளைக்குச்சிகளைப் பார்ப்பேன், தெரியலம்மா என்பேன். அது ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. எங்களைத் தினமும் கூப்பிட்டு விசாரிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

நான் சொல்லாதவரைக்கும் அந்த வண்டி என் தீயில் வேலையாக இருக்கிறது என்று கணக்காம். தீ அணையாமல் உள்ளே கொண்டுபோனால் தலைவருக்குத் தண்டனையாம். அதனால் வண்டி என் வாசலிலேயே நின்றது. தலைவர் படியில் வந்து உட்காருவார். ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன் என்பார். சாம்பலைக் கிளறிக் காட்டுவேன். பார்த்துவிட்டு எழுந்து போவார்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரி படியில் உட்கார்ந்திருந்தவள், "இங்க வாங்க" என்றாள். போனேன். அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை எழும்பிக்கொண்டிருந்தது. கரும்புகை இல்லை, வெளுப்பும் மஞ்சளுமாகத் தடித்த புகை. அது எது எரிகிற புகை என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். பால்காரர் கொட்டகை அந்தத் திசையில்தான்.

எதிரே நிலையத்துக்காரர்கள் கேட்டில் வரிசையாக நின்று புகையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நானே போன் போட்டேன்.

"அணைஞ்சிடுச்சும்மா" என்றேன். "என் தீ அணைஞ்சிடுச்சு. வண்டியை விடுங்க."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எங்க வேலை உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அணைக்க வந்தவங்க மரியாதையா நடந்துக்கிட்டாங்களா?"

"நடந்துக்கிட்டாங்க."

"வேற ஏதாவது உதவி வேணுமா ஐயா?"

"மேற்கால புகை வருதும்மா."

"ஆமாங்க ஐயா, அங்கருந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க. டவுன் வண்டி வேற தீயில இருக்கு, உங்க வண்டிக்காகத்தான் காத்திருந்தோம். நன்றி ஐயா."

மௌனசாமி வண்டியைப் பின்னுக்கு எடுத்து உள்ளே விட்டார். கண் பார்த்தது. மணி அடித்தது. வண்டி கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. வந்து, என் வாசலில் நின்றது.

பின்னாலேயே மற்றவர்கள் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வீட்டுக்காரி புகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர்கள் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொள்ளப் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.